விசிலுக்குப் பிறகு விழுந்த கோல்

தாக் ஒக்ஜூ நடுவராக வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டவள் இல்லை. அவள் ஆசைப்பட்டது ஆடுவதற்கு. முக்ஹோ துறைமுகத்தில் கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரரின் மகள் அவள். பள்ளிக்கூடத்தில் அவள் ஓடின ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனியின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஏழெட்டு வருஷம் ஆடினாள். பிறகு நாட்டில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்த அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் அணியையும் ஒரு காலைப் பொழுதில் கலைத்துவிட்டார்கள். கூட ஆடியவர்களில் ஒருத்தி சோற்றுக்கடை வைத்தாள், இரண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள், கோல்கீப்பர் இன்ஷூரன்ஸ் விற்கப் போனாள். ஒக்ஜூ ஊருக்குத் திரும்பி, ஒரு டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேனை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கால் சும்மா இருக்காது. மீன் மார்க்கெட் ஆட்களும் சிமென்ட் ஆலை ஆட்களும் மோதும் மண் மைதானத்தின் ஓரம் போய் நிற்பாள். ஒருநாள் நடுவர் வரவில்லை. "நீ ஆடினவதானே, நீயே ஊது" என்று யாரோ ஒரு விசிலை அவள் கையில் திணித்தார்கள். அன்றைக்கு அவள் இரண்டு பேரை வெளியே அனுப்பினாள். அதில் ஒருவர் அவளுடைய சித்தப்பா.

"சொந்தச் சித்தப்பனையேவா?" என்றாள் அம்மா, இரவுச் சாப்பாட்டில்.

"அவர் முழங்கையால இடிச்சார்மா."

"அவர் இடிக்காம எப்ப இருந்தார்? உன் கல்யாணத்துக்கு அவர்தானே மாப்பிள்ளை பாக்கறதா இருந்துச்சு."

சித்தப்பா கோபத்தை மறந்து மாப்பிள்ளை பார்க்கத்தான் செய்தார். டீக்கடை மாடியில் வைத்து ஒரு பள்ளிக்கூட குமாஸ்தாவைச் சந்திக்க வைத்தார். நல்ல மனிதன். காப்பியைக் கலக்கிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமைல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். "ஆம்பளைங்களை வெளிய அனுப்புவேன்" என்றாள் ஒக்ஜூ. அவன் சிரிக்கவில்லை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பேச்சுகளும் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தன. முப்பது தாண்டிய பிறகு அம்மாவும் விட்டுவிட்டாள்.

அதற்குள் அவள் படிப்படியாக மேலே வந்திருந்தாள். பெண்கள் பள்ளி, பெண்கள் லீக், பிறகு ஆண்கள் கல்லூரி. ஆண்கள் ஆட்டத்துக்கு ஊத வேண்டுமென்றால் ஆண்களுக்கு வைத்த ஓட்டப் பரீட்சையில் ஆண்களோடு ஓடித் தேற வேண்டும். முதல் வருஷம் கடைசிச் சுற்றில் விழுந்தாள். மறுவருஷம் வாந்தி எடுத்துக்கொண்டே ஓடித் தேறினாள். முப்பத்துநாலாவது வயதில் ஆண்களின் இரண்டாம் பிரிவு லீக்கில் நடுவில் நின்று ஊத அவளுக்கு இடம் கிடைத்தது. வார நாளில் வேன், சனிக்கிழமையில் விசில்.

இரண்டாம் பிரிவு என்பது பாதி வெளிச்சத்தில் நடக்கிற ஆட்டம். பெரிய அணிகளில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்து இழந்தவர்களும், முழங்காலைத் தைத்துக்கொண்டு வந்தவர்களும் ஆடும் இடம். கூட்டம் கொஞ்சம்தான் என்பதால் ஒருவர் கத்துவது எல்லோருக்கும் கேட்கும். "நடுவரம்மா, வீட்ல சோறு பொங்கிருச்சு, போங்க!" என்று கத்துவார்கள். ஆஃப்சைடு கொடுத்தால் ஒன்று, கொடுக்காவிட்டால் ஒன்று. அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். வாங்கிக்கொள்ளாத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டாள் என்று சொல்வதுதான் சரி.

அந்த லீக்கில் சம்போ என்று ஒரு அணி. தெற்கே கப்பல் கட்டும் ஊர். நகராட்சிதான் அணிக்குப் படியளந்தது. அதில் நடுக்களத்தில் ஆடியவன் மோ தேகு. வயது முப்பத்தொன்று. அகலமான தோள், மூக்கு ஒருமுறை உடைந்து சேர்ந்தது. நல்ல கால் அவனுக்கு. அதைவிட நல்ல நடிப்பு. காற்று பட்டால் விழுவான். முதலில் ஒரு கையை ஊன்றுவான், பிறகு தோளில் உருளுவான், இன்னொரு உருளல், கடைசியில் முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு அதன் இடுக்கு வழியாக நடுவர் பார்க்கிறாரா என்று ஒரு கண்ணால் பார்ப்பான். மற்ற நடுவர்கள் நிறைய பேர் அதில் ஏமாந்தார்கள். ஒக்ஜூ முதல் ஆட்டத்திலேயே பிடித்துவிட்டாள்.

"அக்கா, இடுப்பெலும்பு போச்சுக்கா!"

"எந்திரிப்பா. போன ஆட்டத்துல இடது பக்கம் போச்சு, இன்னைக்கு வலது பக்கமா?"

"ரெண்டும்தான்க்கா போச்சு. நீங்க ஒருத்தர்தான் நம்ப மாட்டேங்கறீங்க."

"எந்திரிக்கிறியா, மஞ்சள் அட்டை எடுக்கவா?"

எழுந்துவிடுவான். எழுந்து, புல்லைத் தட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரிப்பான். அவள் சிரிக்கக் கூடாது என்பதால் திரும்பிக்கொள்வாள். நடித்ததற்காக மட்டும் அவனுக்கு நாலைந்து மஞ்சள் அட்டை காட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர் சம்போவின் கோச் கூ பில்தோ. குள்ளமான, எப்போதும் மூக்கு சிவந்திருக்கும் மனிதர். "எங்க பையன் மேல என்னம்மா உங்களுக்குப் பகை?" என்பார். பகை எதுவும் இல்லை. அவன் விழுகிற விதம் அவளுக்கு மனப்பாடம், அவ்வளவுதான்.

மூன்றாவது வருஷத்து லீக்கின் கடைசி நாள். சம்போவில் ஆட்டம். கடலில் இருந்து எலும்பைத் துளைக்கிற காற்று. அந்தக் கோடையிலேயே நகராட்சியில் சொல்லிவிட்டார்கள்: அணி முதல் நாலு இடத்துக்குள் வந்து இறுதிச் சுற்றுக்குப் போகாவிட்டால் அடுத்த வருஷம் அணி இருக்காது. அன்றைக்கு ஜெயித்தால் சம்போ நாலாவது. ஜெயிக்காவிட்டால் மலைப்பக்கத்து சோல்சன் அணி நாலாவது. எதிரே ஆட வந்திருந்தவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். அவர்கள் கணக்கு எப்போதோ முடிந்திருந்தது.

ஊரே வந்திருந்தது. ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக நின்றது. நேரம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிஷங்களும் கரைந்துகொண்டிருந்தபோது, தேகு தன் பாதியில் பந்தை எடுத்து நீளமாக வலது பக்கம் அடித்தான். அருமையான அடி. பந்து மூன்று பேரின் தலைக்கு மேலே போய் சம்போவின் முன்வரிசை ஆட்டக்காரன் ஓடுகிற பாதையில் விழுந்தது. மைதானம் முழுக்க எழுந்து நின்றது. ஒக்ஜூவும் பந்தோடு ஓடினாள்.

நல்ல நடுவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும். பந்து ஒரு இடத்தை விட்டுப் போனதும் அந்த இடத்தைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள். பந்து போன பிறகுதான் இடிப்பார்கள், துப்புவார்கள், காலை மிதிப்பார்கள். அப்படித்தான் அவளும் ஓடிக்கொண்டே தோளுக்கு மேல் திரும்பினாள்.

தேகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான். பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு கையை எடுத்தான். அடுத்து அவன் விழுந்தது, அவள் இதுவரை பார்த்த அவனுடைய எந்த விழுகையைப் போலவும் இல்லை. கையை ஊன்றவில்லை. தோளைக் கொடுக்கவில்லை. நட்டுவைத்த மரம் சாய்கிற மாதிரி முகம் குப்புற விழுந்தான்.

அவள் விசிலை ஊதினாள். ஊதியபோது அந்த ஆட்டக்காரன் இன்னும் பந்தை எட்டவில்லை. ஆனால் அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்கும்? அவன் எட்டினான், அடித்தான், பந்து வலைக்குள் போனது. சம்போ ஆட்கள் எல்லோரும் அவனை நோக்கி ஓடினார்கள். ஒக்ஜூ ஒருத்திதான் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

அவனைப் புரட்டிப் போட்டாள். கண் திறந்தபடி இருந்தது, பார்வை இல்லை. நடுவர்களுக்கு வருஷத்தில் ஒருமுறை ரப்பர் பொம்மையை வைத்து முதலுதவி சொல்லிக்கொடுப்பார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே செய்வார்கள். அவள் அவன் மார்பின் நடுவில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தாள். விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்திருந்தாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவள் மூச்சு அதன் வழியாக மெல்லிய சத்தமாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் துணை நடுவர் யாங் முதலில் ஓடி வந்தான். பிறகு டாக்டர். பிறகு ஆம்புலன்ஸ் புல்லைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. கோல் போட்டதற்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்போதுதான் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தது.

மிச்ச ஆட்டத்தை ஆட இரண்டு பக்கமும் யாருக்கும் கால் வரவில்லை. அவள் ஆட்டத்தை முடித்துவைத்தாள். விசிலுக்குப் பிறகு விழுந்த கோல் கணக்கில் வராது; ஒன்றுக்கு ஒன்று. கூ பில்தோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் பின்னால் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்ததாம். இரண்டு நாள் அப்படியே கிடந்தான். திங்கட்கிழமை காலையில் யாங் போன் பண்ணினான்.

"அக்கா... தேகு போயிட்டான்க்கா."

ஒக்ஜூ வேனை ஓரமாக நிறுத்தியிருந்தாள். பின்னால் பிள்ளைகள் ஒருவரையொருவர் உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இன்னொண்ணு. லீக்கோட ஒழுங்குக் குழு புதன்கிழமை உங்களைக் கூப்பிடறாங்க. அந்தக் கோல் விஷயமா. சம்போக்காரங்க மனு குடுத்துருக்காங்க. விசில் சத்தம் வீடியோல கேக்கவே இல்லயாம். என்னைக் கேட்டாங்க. நான் ஆஃப்சைடு கோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன், எனக்கு உறுதியா தெரியலன்னு சொல்லிட்டேன். உண்மையாவே தெரியலக்கா. கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவிக்க என்ன இருக்கு."

அன்று மத்தியானமே பஸ் பிடித்து சம்போ ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் துக்கக்கூடத்துக்குப் போனாள். வாசலில் வெள்ளைச் செவ்வந்தி வளையங்கள் வரிசையாக நின்றன. உள்ளே அவன் படம், கறுப்பு நாடா போட்டு. லீக்குக்காக எடுத்த படமாக இருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். ஒரு பூவை வைத்துவிட்டு இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து திரும்பியபோது கூடத்தில் தாழ்வான மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்த அணி முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் முறைக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கூ பில்தோ எழுந்து வந்து அவளை நடைவழிக்குக் கூட்டிப் போனார். காப்பி மெஷினில் காசு போட்டு ஒரு கோப்பையை அவளிடம் நீட்டினார். அவர் கத்தாமல் பேசி அவள் கேட்டது அன்றுதான்.

"நடுவரம்மா, சாப்பிடுங்க. குளிர்ல வெறைச்சுப் போயிருக்கீங்க."

வாங்கிக்கொண்டாள்.

"நான் சுத்தி வளைக்க மாட்டேன். அந்த வீடியோவ எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். விசில் எங்க வருதுன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது. காத்து, கூச்சல். நீங்க மட்டும் 'பந்து உள்ள போன அப்புறம்தான் ஊதினேன்'னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுச்சு. எதிர் டீமுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அவங்க கோச்சே சொல்லிட்டான், ஆட்சேபணை இல்லன்னு."

"சோல்சன்?"

"சோல்சன்காரனுக்கு அடுத்த வருஷமும் டீம் இருக்கும்மா. எங்களுக்கு இருக்காது." குரல் உடைந்தது. "உள்ள உக்காந்திருக்கான் பாருங்க, கோல்கீப்பர், போன மாசம்தான் இரட்டைப் பிள்ளை பொறந்துச்சு. முப்பது குடும்பம். ரெண்டே செகண்டும்மா. நீங்க ரெண்டு செகண்ட் கழிச்சு ஊதியிருந்தா அவன் பொழைச்சிருக்கப் போறானா, சாகப் போறானா? டாக்டர்கிட்ட கேட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லன்னுட்டார். அந்தப் பந்து அவன் கடைசியா அடிச்சது. அது கோலாப் போகட்டுமே. அவனுக்காகச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு செகண்டால் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும். காலையிலிருந்து அதைத்தான் அவள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது தேகுவின் மனைவி ஹேரிம் வந்தாள். கறுப்பு உடை, தலைமயிரில் வெள்ளை நாடா முடிச்சு. ஒக்ஜூ அவளோடு அதற்கு முன் பேசியதில்லை.

"சாப்பிடாம போகக் கூடாதுக்கா. வாங்க."

உள்ளே ஒரு மூலை மேஜையில் உட்கார வைத்து, சிவப்புக் கறி சூப்பும் சோறும் வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள். கூ பில்தோவும் பின்னாலேயே வந்து நின்றார்.

"நீயே சொல்லும்மா ஹேரிம். உன் புருஷன் பேர்ல—"

"கோச், நீங்க பசங்களைக் கவனிங்க. சோஜு பாட்டில் எல்லாம் தீந்துருச்சுன்னு சொன்னாங்க."

அவர் தயங்கிவிட்டுப் போனார். ஹேரிம் சூப்புக் கிண்ணத்தை ஒக்ஜூ பக்கம் நகர்த்தினாள்.

"வீட்ல உங்களைப் பத்திதான் பேசுவார். 'இன்னைக்கும் அந்த அக்காகிட்ட மாட்டிக்கிட்டேன்'பார். எப்படி விழுந்தா ஏமாறுவாங்கன்னு மெத்தைல விழுந்து விழுந்து பாப்பார். நான் கத்துவேன், கீழ் வீட்டுக்காரங்க வந்து சண்டை போடுவாங்கன்னு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அக்கா, அது கோலா?"

"இல்லம்மா."

"அவர் விழுந்ததைப் பாத்துட்டுத்தான் ஊதினீங்களா?"

"ஆமா. அப்ப பந்து இன்னும் உருண்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

ஹேரிம் தலையாட்டினாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் ஸ்டாண்ட்லதான் இருந்தேன். பந்து போனதும் எந்திரிச்சு நின்னு கைதட்டினேன். பக்கத்துல இருந்தவங்களைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சேன். அவர் தரைல கெடந்தார், நான் குதிச்சுக்கிட்டு இருந்தேன். அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தர் பாக்கல. நீங்க பாத்தீங்க."

ஒக்ஜூ கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோச் சொல்றதைச் செய்யுங்கன்னு கேக்கலாம்னு காலைல வரைக்கும் நெனச்சேன். அந்தப் பசங்க எல்லாம் எங்க வீட்ல சாப்பிட்டு வளந்தவங்க. ஆனா கேக்க மாட்டேன். நான் கேட்டா நீங்க செஞ்சுருவீங்களோன்னு பயமா இருக்கு. செஞ்சீங்கன்னா, அவர் விழுந்தப்ப எல்லாரும் பந்தைத்தான் பாத்தோம்னு ஆயிரும். உங்களையும் சேத்து." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிடுங்கக்கா. ஆறுது."

ஒக்ஜூ சாப்பிட்டாள். சோற்றில் சூப்பை ஊற்றிக் கரைத்து, கிண்ணத்தைக் காலி செய்தாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா போன் பண்ணினார். கடலில் இருந்து திரும்பியிருந்தார். பின்னால் கணவாயை ஏலம் விடுகிற சத்தம் கேட்டது. செய்தித்தாளில் பார்த்தேன் என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "அந்தப் பையனுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். "ம்ம்" என்றார். பிறகு அவர் வைத்துவிட்டார்.

ஒழுங்குக் குழு கூடியது தலைநகரில், சூடு அதிகமாக வைத்த ஒரு அறையில். ஐந்து பேர். நடுவில் இருந்தவர் நரைத்த தலை, மென்மையான பேச்சு. ஒரு பக்கத்தில் கூ பில்தோ டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அந்த உடையில் அவள் பார்த்ததே இல்லை.

"நடுவர் தாக், நீங்க செஞ்ச முதலுதவிக்கு முதல்ல எங்க எல்லாரோட நன்றி," என்றார் நரைத்த தலை. "இப்ப இந்தக் கோல் விஷயம். காத்து, சத்தம், அந்த நேரத்துல உங்க மனநெலை, எல்லாம் எங்களுக்குப் புரியுது. விசில் முன்னாடியா பின்னாடியான்னு உறுதியா சொல்ல முடியலன்னா, அதுல தப்பே இல்ல. அப்படியே சொல்லலாம். மத்ததை நாங்க பாத்துக்குவோம்."

அவள் நழுவிப் போக ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. பொய் சொல்லக்கூட வேண்டாம். தெரியவில்லை என்றால் போதும். இந்த அறையில் இருக்கிற யாருக்கும் அவள் உண்மை தேவையாக இல்லை. தேவைப்படுகிற சோல்சன்காரர்கள் எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் முகம்கூட அவளுக்கு நினைவில் இல்லை. கோல்கீப்பரின் முகம் நினைவில் இருந்தது.

"உறுதியா சொல்ல முடியும்," என்றாள் ஒக்ஜூ. "விசில் முன்னாடி. நான் ஊதினப்ப பந்து அவன் கால்லயே படல. அது கோல் இல்ல."

கூ பில்தோ கண்ணை மூடிக்கொண்டார். நரைத்த தலைக்காரர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அவள் வெளியே வந்து படிக்கட்டில் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கூ பில்தோவும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. அவள் பக்கத்தில் ஒரு கணம் நின்றார், பிறகு சுவரோரமாக ஒதுங்கி இறங்கிப் போனார்.

சம்போ அணி குளிர்காலத்திலேயே கலைக்கப்பட்டது. கலைக்கப்படுவது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோல்கீப்பர் கப்பல் தளத்தில் பெயின்ட் அடிக்கப் போனான் என்று கேள்விப்பட்டாள். சம்போவின் பாலத்தில் அவள் பெயரைப் போட்டு ஒரு துணிப் பதாகை கட்டினார்கள்; என்ன எழுதியிருந்தது என்று யாங் சொல்ல மறுத்துவிட்டான். டேக்வாண்டோ கூடத்துக்கும் போன்கள் வந்தன. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கங்களேன்" என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு. வசந்தத்தில் புது லீக் ஆரம்பித்தபோது ஆண்கள் ஆட்டம் ஒன்றுக்கும் அவளைப் போடவில்லை. கேட்டதற்கு, உங்கள் நன்மைக்காகத்தான் என்றார்கள்.

பள்ளிக்கூடச் சிறுமிகளின் ஆட்டங்களுக்குப் போனாள். மண் மைதானம், பெரிதான சட்டைகள், கோல் விழுந்தால் அடித்தவளும் அழுவாள், வாங்கியவளும் அழுவாள். அதையும் அவள் அதே மாதிரிதான் ஓடி ஊதினாள். சில நாள் இரவில் தூக்கம் வராது. இரண்டு செகண்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்திருக்கலாம். முப்பது பேர் அடுத்த வருஷமும் ஆடியிருப்பார்கள். அவன் எப்படியும் போயிருப்பான். ஒவ்வொரு முறையும் கணக்கு அவளுக்கு எதிராகத்தான் வரும். ஆனால் ஒருவன் அப்படி விழுவதைப் பார்த்த பிறகு விசிலைப் பிடித்துவைத்திருக்கிற ஒரு ஒக்ஜூவை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஹேரிம் சம்போவை விட்டு வந்து, தன் பிறந்த ஊரில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் விற்கிற கடை ஒன்று போட்டாள். குளிர்காலத்துக்கு எல்லோரும் முட்டைக்கோஸை ஊறவைத்துக் கிம்ச்சி போடுகிற நாட்களில் ஒக்ஜூவுக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே ஒரு வார்த்தை எழுதியிருக்காது. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஒக்ஜூ போனில், "உப்பு ஜாஸ்திம்மா" என்பாள். "கடலோரத்துக்காரிக்கு உப்பு ஜாஸ்தியா!" என்று அந்தப் பக்கம் சிரிப்பு வரும். வேறு எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஓட்டப் பரீட்சைக்குப் போனாள். தன்னைவிட பதினைந்து வயது சின்ன பையன்களுக்குப் பின்னால் ஓடி, தேறினாள். இரண்டாம் பிரிவில் மறுபடி இடம் கொடுத்தார்கள், நாற்பத்துமூன்று வயது வரை ஊதினாள். முதல் பிரிவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் கேட்கவும் இல்லை.

அதற்கும் பிறகு, ஒரு கோடையில், கூ பில்தோவை அவள் மறுபடி பார்த்தது தேபெக்கில். மலை மேலே கோடையிலும் குளிரும் ஊர். அங்கே ஒவ்வொரு வருஷமும் மேல்நிலைப் பள்ளிகளின் போட்டி நடக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய சுரங்க ஊர் ஒன்றின் பள்ளி அணிக்கு அவர்தான் கோச் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தலை முழுக்க வெளுத்திருந்தது, மூக்கு அதே சிவப்பு. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் கூடாரத்துக்குள் வந்து நின்றார்.

"நடுவரம்மா."

"கோச்."

"முட்டி எப்படி இருக்கு? போன வருஷம் ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்."

"மழைன்னா வலிக்கும்."

"எனக்கும்தான்." தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் பொய் சொல்ல மாட்டேன். உங்க மேல எனக்குள்ள வருத்தம் போகல. போகும்னும் தோணல. அந்தக் கோல்கீப்பர் பையன் போன மாசம் வந்தான். கை முழுக்க பெயின்ட்."

"தெரியும் கோச்."

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லல. வருத்தம் போகலன்னுதான் சொல்றேன்."

"போக வேண்டாம்," என்றாள் ஒக்ஜூ. "எனக்கும் போகல."

அவர் போகத் திரும்பினார். போகாமல் நின்றார். தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார்.

"எங்க எட்டாம் நம்பர் பையன். டாக்டர் ஆடலாம்னு எழுதிக் குடுத்துட்டார். ஆனா ரெண்டு வாரமா சீக்கிரமே மூச்சு எளைக்குது. கேட்டா ஒண்ணுமில்லங்கறான், வெளிய உக்கார வெச்சா அழறான். நான் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிக்கணும்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கொஞ்சம் பாத்துக்கங்க."

"பாத்துக்கறேன்."

அந்தப் பையன் ஒல்லியாக, காது விடைத்து இருந்தான். முதல் பாதி முழுக்க அவள் பந்தோடு ஓடியதைவிட அவனைத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். அவன் நன்றாகத்தான் ஓடினான். இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவன் உதடு வெளுத்திருப்பது போல அவளுக்குத் தோன்றியது. பந்து வெளியே போனதும் அவனிடம் போய், "என்னப்பா, போதுமா?" என்றாள். "இல்லங்க, ஆடறேன்" என்றான், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் எல்லைக்கோட்டைப் பார்த்துக் கையைக் காட்டினாள். கூ பில்தோ மறுபேச்சில்லாமல் வேறு ஒருவனை அனுப்பினார். பையன் அழுதுகொண்டே வெளியே போனான். அவர் தன் கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தி, தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் அணி இரண்டு கோல் வாங்கியது. இரண்டாவது கோல் ஆஃப்சைடு என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். உங்களுக்குக் கண்ணா புண்ணா என்றார். ஒக்ஜூ ஆட்டத்தை நிறுத்தி, மழையில் மைதானத்தின் குறுக்கே நடந்து போய், இன்னொரு வார்த்தை பேசினால் வெளியே போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் விசிலை எடுத்து ஊதினாள். ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது.